காசு கட்டுவதற்கு முன் ஒரு தெர்மோமீட்டர் வாங்குங்கள், தம்பி

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 29 வயது. உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் குசினியில் ஏழு சீசனாக வேலை செய்கிறேன். கோப்பை கழுவத்தான் சேர்ந்தேன், இப்போது மத்தியானச் சாப்பாடு முழுக்க என் பொறுப்பு. யாராவது ஒருவர் உணவுப் பாதுகாப்பு மனேஜர் சான்றிதழ் எடுத்தால் சம்பளம் கூட்டித் தருவதாக முதலாளி சொல்கிறார். பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தேன்: அமெரிக்கச் சான்றிதழ், ஒன்லைனில் இரண்டு மணித்தியாலம், பரீட்சை இல்லை, வாழ்நாள் முழுக்கச் செல்லும், எந்த நாட்டிலும் ஏற்பார்களாம். அடுத்த வருடம் டுபாய் போகும் எண்ணமும் இருக்கிறது. இங்கிலீஸ் கொஞ்சம் மட்டம்தான். இதை எடுக்கலாமா? (பெயர் வேண்டாம், திருகோணமலை)

பதில்:

தம்பி, இன்னும் காசு கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்களா, சரி, போனது போகட்டும், பாடங்களை இருந்து பாருங்கள், நாலு விசயம் தேறும். கடைசியில் வரும் அந்தத் தங்கக் கரை போட்ட பேப்பரை நம்பிப் பயணம் மட்டும் புறப்பட்டுவிடாதீர்கள்.

அந்த விளம்பரக்காரர் இரண்டு வேறு சரக்கை ஒரே பையில் போட்டுக் கட்டியிருக்கிறார். அமெரிக்காவில் உணவைக் கையாளும் எல்லோருக்கும் என்று ஒரு சின்ன அட்டை இருக்கிறது, ஃபூட் ஹேண்ட்லர் கார்ட் என்பார்கள். இரண்டு மணித்தியாலம் வீடியோ பார்த்து கடைசியில் சின்னதாக ஒரு டெஸ்ட் எழுதினால் கிடைத்துவிடும், கலிபோர்னியாவில் அது மூன்று வருடம் செல்லும். மனேஜர் சான்றிதழ் என்பது வேறு. அதற்குப் பாடத்தை எங்கிருந்தும் ஒன்லைனில் படிக்கலாம், ஆனால் பரீட்சையை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் எழுத வேண்டும், நேரிலோ கமெரா வழியாகவோ. ஏஎன்ஏபி என்ற அமைப்பு அங்கீகரித்த பரீட்சையாக இருந்தால்தான் அங்குள்ள சுகாதாரத் திணைக்களங்கள் ஏற்கும், அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலை அந்த அமைப்பின் இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதிகம் பேர் எழுதுவது சர்வ்சேஃப் பரீட்சை: 90 கேள்வி, இரண்டு மணித்தியாலம், 70 வீதம் எடுத்தால் பாஸ், ஐந்து வருடம் செல்லும். ஆக, "பரீட்சை இல்லாத மனேஜர்" என்பதும் "வாழ்நாள் முழுக்க" என்பதும் பொய்.

"எந்த நாட்டிலும் ஏற்பார்கள்" என்பது அதைவிடப் பெரிய பொய். அமெரிக்காவுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் கவுண்டிக்குக் கவுண்டி விதி மாறும். அந்தப் பேப்பரைக் கொண்டுபோய் டுபாயில் நீட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தருவார்கள். நான் அங்கே பதினொரு வருடம் ஹோட்டல் குசினிகளில் இருந்தவன், தருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். டுபாய் மாநகர சபையின் விதிப்படி ஒவ்வொரு உணவகத்திலும் சான்றிதழ் பெற்ற பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், பி.ஐ.சி என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்தப் பயிற்சியை மாநகர சபை அங்கீகரித்த நிலையத்தில்தான் எடுக்க வேண்டும். அபுதாபிக்கு அது வேறு ஏற்பாடு. வேலைக்கு எடுத்த நிறுவனமே பெரும்பாலும் அங்கே அனுப்பி எடுக்க வைக்கும், அதற்காக நீங்கள் இங்கிருந்து டொலர் கட்டத் தேவையில்லை.

அப்படியென்றால் இங்கே எதையும் எடுக்கத் தேவையில்லையா என்று கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் யார் அதைக் கேட்கப் போகிறார்கள் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் நம் ஊர். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழ் 2011இல் வந்த சுகாதார ஒழுங்குவிதிகளும்தான் இங்கே பேசும். பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து நிற்கும்போது அமெரிக்கச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கமாட்டார். வேலை செய்கிறவர்களின் மருத்துவச் சான்றிதழ் எங்கே, டைபாயிட் ஊசி போட்டாயிற்றா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது, பச்சை மீனும் சமைத்த சாப்பாடும் ஒரே தட்டில் இருக்கிறதா, இவைதான் அவருடைய கேள்விகள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் உணவு கையாளுபவர்களுக்கு வகுப்பு வைப்பதுண்டு, தமிழிலேயே நடக்கும், எப்போது என்று போய்க் கேளுங்கள். அதோடு, ஏழு சீசன் அனுபவம் இருப்பதால் சமையலுக்கான என்.வி.கியு என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழை முழுக்கோஸ் படிக்காமல், செய்த வேலையை மதிப்பிட்டு எடுக்கும் வழியும் இருக்கிறது, நைட்டா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். அரசாங்க முத்திரையோடு வருவதால் வெளிநாட்டு வேலைக்கும் அது உதவும்.

அடுத்தது ஹோட்டல்காரர்கள். கல்ஃபிலும் நிலாவெளிப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களிலும் சீவியில் தேடுவது பிரிட்டனின் லெவல் 2, லெவல் 3 உணவுப் பாதுகாப்புச் சான்றிதழைத்தான். லெவல் 2 சமையல்காரருக்கு, லெவல் 3 மேற்பார்வையாளருக்கு. இங்கேயும் ஒரு பொறி உண்டு. மிக மலிவாக ஒன்லைனில் விற்கும் லெவல் 3 பலதில் "சி.பி.டி" என்று மட்டும் போட்டிருக்கும், அதாவது ஒரு கோஸில் இருந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். ஒஃப்குவால் என்ற அந்நாட்டு அமைப்பின் பதிவேட்டில் இருக்கும் தகுதி வேறு தரம், அதற்கு மேற்பார்வையோடு பரீட்சை இருக்கும், ஹைஃபீல்ட் போன்றவர்கள் கொடுப்பது அது. எந்தக் கோஸுக்குக் காசு கட்டுவதானாலும் தகுதியின் இலக்கத்தைக் கேளுங்கள், பதிவேட்டில் நீங்களே தட்டிப் பாருங்கள். இலக்கம் தர இழுத்தடித்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் நிலைமைக்கு என் கணக்கு: இப்போதே லெவல் 2, மழை மாதங்களில் லெவல் 3. டுபாய் போனால் பி.ஐ.சி அங்கே. அமெரிக்கப் பரீட்சை என்பது அமெரிக்காவுக்கோ, அந்த நாட்டுத் துறைமுகங்களுக்குப் போகும் உல்லாசக் கப்பலுக்கோ போகிறவர் யோசிக்க வேண்டியது.

நான் அந்த அமெரிக்கப் பரீட்சையும் எழுதியவன்தான், வேலை செய்த ஹோட்டலின் நிர்வாகம் அந்த நாட்டுக்காரர்கள் என்பதால் எழுதச் சொன்னார்கள், முதல் தடவை தோற்றேன். பன்னிரண்டு வருடம் அடுப்படியில் நின்றவன் தோற்றுவிட்டு வந்து நின்றபோது இருந்த வெட்கத்தை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன், அன்று சிரிக்க முடியவில்லை. இங்கிலீஸ் விளங்காமல் போகவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் எங்கள் குசினியில் எப்படிச் செய்கிறோமோ அதையே எழுதினேன், புத்தகம் என்ன சொல்கிறது என்று எழுதவில்லை. அனுபவசாலிகள் விழுவது இந்தக் குழியில்தான், புதுப் பெடியன்கள் பாஸ் பண்ணிக்கொண்டு போவார்கள்.

ஆகவே படிப்பை உங்கள் குசினியில் தொடங்குங்கள், ஆனால் குசினி சொல்வதை நம்பாமல் தெர்மோமீட்டர் சொல்வதை நம்பிப் படியுங்கள். ஊசி மாதிரி நுனியுள்ள டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று போதும், விலை கூடியது வேண்டாம்.

கறியில் தொடங்குங்கள். பின்னேரம் கிடாரத்தில் கோழிக்கறி மிஞ்சுகிறது, ஆற வைத்துவிட்டுப் பிறகு பிரிட்ஜில் வைப்போம் என்று மூடி போட்டு மேசையில் வைக்கிறோம், எல்லோரும் செய்வதுதான். அமெரிக்க விதி என்ன சொல்கிறது? 57 பாகை செல்சியஸில் இருந்து 21க்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் இறங்க வேண்டும், அப்புறம் 21இல் இருந்து 5க்கு இன்னும் நாலு மணித்தியாலம், மொத்தம் ஆறு. பரீட்சைக்கு இதைப் பாடமாக்கிவிடலாம். ஆனால் உங்கள் குசினியில் ராத்திரிகூட 28, 30 பாகை. வெளியே வைத்த கறி விடிய விடிய இருந்தாலும் 21க்கு வரவே வராது, காற்றே 30இல் நிற்கும்போது கறி எப்படி அதற்குக் கீழே போகும்? கிடாரத்தோடு பிரிட்ஜில் தள்ளினாலும் சரிவராது. நான் சின்னக் குக்காக இருந்த காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெரிய கிடாரத்தை அப்படியே உள்ளே வைத்துவிட்டுப் போனேன். காலையில் செஃப் வந்து நடுவில் ஊசியைக் குத்தினார், 34 காட்டியது. மேலே எண்ணெய் உறைந்து வடிவாகக் குளிர்ந்த மாதிரி இருக்கிறது, நடுவில் குழந்தைக்குக் குளிக்க வார்க்கும் சூடு. எனக்கு ஒரு சொல்லும் பேசாமல் அத்தனையையும் என் கையாலேயே கொட்ட வைத்தார். ஆழமில்லாத தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பிரித்து, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிண்டி, பிறகு உள்ளே வைப்பது என்பது அன்றிலிருந்து எனக்குப் புத்தகத்தில் இருக்கும் வரி இல்லை.

சோறும் அப்படித்தான். ஃப்ரைட் ரைஸுக்குப் பழைய சோறுதான் உதிரும் என்று எல்லாக் குக்கும் சொல்வான், உண்மையும்தான். ஆனால் மத்தியானச் சோற்றை வெளியே வைத்து ராத்திரி தாச்சியில் போடும்போது நடப்பது இது: பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியோடு வருகின்றன, அவிப்பதில் அவை சாவதில்லை, சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சு விடுகின்றன. வாந்தி வர வைக்கும் அந்த நஞ்சு தாச்சிச் சூட்டுக்கு அசையாது. "நல்லா வறுத்தால் சரியாகிவிடும்" என்ற நம் நம்பிக்கை அங்கேதான் பிழையாகிறது. பழைய சோறு வேண்டும் என்றால் அவித்தவுடன் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆற்றிக் குளிரில் வையுங்கள், ராத்திரிக்கு நன்றாக உதிரும்.

மீன் விசயத்தில் திருகோணமலைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைப்போம். சூரை மீனை எடுங்கள். சின்னப் போட்டில் பிடித்து, ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்து, பத்து மணிக்குக் கரைக்கு வந்து, றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போடும்போது நேரம் கடந்துவிட்டது. அந்தச் சதையில் இஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகியிருக்கும். பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மணத்திலும் நிறத்திலும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், சிலருக்கு நாக்கில் மிளகு கடித்த மாதிரி ஒரு எரிவு வரும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்காரரின் முகம் சிவந்து தலையிடி வந்தால் அவர் தனக்கு மீன் அலர்ஜி என்று நினைப்பார், நீங்கள் வெயில் என்று நினைப்பீர்கள். இதிலிருந்து பரீட்சையில் கேள்வி வரும், விடை எப்போதும் ஒன்றுதான்: பிடித்ததில் இருந்து குளிர் அறக்கூடாது, யாரிடம் வாங்குகிறோம் என்பது முக்கியம். காலையில் மீன்காரருடன் விலை பேசும்போது சதைக்குள் ஊசியைக் குத்திப் பாருங்கள். முதல் நாள் அவர் கோபிப்பார், நாலாம் நாள் ஐஸோடு வருவார்.

அலர்ஜி பாடத்தை நாங்கள் சும்மா புரட்டிவிட்டுப் போவோம், அது பிழை. சம்பலில் மீன் இருக்கிறதா என்று வாடிக்கையாளர் கேட்டால் "இல்லை, தேங்காய்தான்" என்று சொல்லுவோம், உள்ளே மாசி இருக்கும். மாசியை யார் மீன் என்று நினைக்கிறார்கள், அது நமக்கு உப்பு மாதிரி. கறி தடிப்பதற்கு அரைத்த கஜு, கத்தரிக்காய்க்கு விட்ட நல்லெண்ணெய், இவையும் அப்படித்தான். அமெரிக்கப் பட்டியலில் எள்ளு ஒன்பதாவதாக 2023 ஜனவரியில் சேர்ந்தது, பிரிட்டனில் பட்டியல் 14. இன்னொன்று, பழைய கேள்வித்தாள்களில் தேங்காயை மரக்கொட்டைகளோடு சேர்த்திருப்பார்கள், 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ என்ற அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கிறது என்று பழைய கேள்விகளை இறக்கிப் படிப்பவர்கள் கவனம்.

பாகைக் கணக்கிலும் குழம்பாதீர்கள். ஆபத்து வலயம், அதாவது கிருமி வேகமாகப் பெருகும் சூடு, அமெரிக்காவில் 5 முதல் 57 வரை, டுபாயில் 5 முதல் 60, இங்கிலாந்தில் குளிர் 8க்குக் கீழ், சூடு 63க்கு மேல் என்று சட்டம். எந்தப் பரீட்சையோ அந்த நாட்டு இலக்கம். குசினியில் மட்டும் எப்போதும் கடுமையானதை வையுங்கள்: குளிர் 5க்குக் கீழ், சூடு 63க்கு மேல், கோழி நடுவில் 75.

கழுவும் இடத்தில் ஒரு சின்ன விசயம், கோப்பை கழுவி வந்தவர் நீங்கள், ஆகவே சொல்கிறேன். சவர்க்காரம், நல்ல தண்ணீர், குளோரின் தண்ணீர் என்று மூன்று பேசின் வரிசை சரியாக வைத்துவிட்டு, கடைசியில் தோளில் கிடக்கும் துணியால் துடைப்போம் பாருங்கள், அதோடு போயிற்று எல்லாம். காற்றில்தான் காய வேண்டும். குளோரின் 50 முதல் 100 பி.பி.எம் (பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு), அதைப் பார்க்க சின்னக் கடதாசிப் பட்டிகள் விற்கிறார்கள், மணத்தை வைத்து அளக்க வேண்டாம்.

இனி இங்கிலீஸ். பயப்படுகிற அளவுக்கு இல்லை. இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்ப வருவது இருநூறு சொல் இருந்தால் அதிகம், ஒரு கொப்பியில் எழுதிப் பக்கத்தில் தமிழை எழுதுங்கள், லெவல் 2 முடிக்கும்போது முக்கால்வாசி வந்துவிடும். ஆளை விழுத்துவது பெரிய சொற்கள் இல்லை, "நொட்", "எக்செப்ட்", "ஃபர்ஸ்ட்" என்ற சின்னச் சொற்கள். நான்கு விடையும் சரி மாதிரி இருக்கும், "முதலில் என்ன செய்வீர்கள்" என்று கேட்டிருப்பார்கள். படிக்கக் காசும் வேண்டியதில்லை. எஃப்.டி.ஏயின் உணவு விதித்தொகுப்பும் பிரிட்டிஷ் உணவுத் தர முகவரகம் சின்னக் கடைகளுக்கு என்று போட்ட கையேடும் இலவசம். பிந்தியது எளிமையான இங்கிலீஸ், படங்களோடு, அதில் தொடங்குங்கள்.

கமெரா முன் எழுதும் பரீட்சை என்றால் சில வேலைகளை முன்கூட்டியே பாருங்கள். போன் சரிவராது என்று வைத்துக்கொள்ளுங்கள், வெப்கேம் உள்ள லப்டொப் ஒன்றை இரவல் வாங்குங்கள். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், சுவரில் கலண்டர்கூட இல்லாமல் இருப்பது நல்லது. நடுவில் அம்மா தேத்தண்ணியோடு வந்தால் பரீட்சையே நிற்கலாம், வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கேள்வியைத் தமிழில் மாற்றி வாய்க்குள் முணுமுணுக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள், யாருடனோ பேசுகிறீர்கள் என்று எச்சரிக்கை வரும். கறண்ட் போகிற நேரமும் கோவில் ஸ்பீக்கர் கட்டுகிற நாளும் உங்களுக்குத்தான் தெரியும், அதைப் பார்த்து நேரத்தைப் பதியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போட்டில் அப்பா பெயர் முன்னுக்கு, பேஸ்புக்கில் மூன்றாவது மாதிரி என்று நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறது. பாஸ்போட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். பெயர் ஒத்துப்போகாமல் கட்டின காசும் போய் வாசலிலேயே திரும்பிய பெடியன் ஒருவனை எனக்குத் தெரியும், சான்றிதழில் பிழை விழுந்தால் திருத்துவது அதைவிடக் கரைச்சல்.

முதலாளி சம்பளம் கூட்டுவதாகச் சொன்னது சந்தோசம். அவரிடம் இன்னொன்றையும் இப்போதே பேசி வையுங்கள், முடிந்தால் மற்ற ஆட்கள் கேட்கும்படி. ஒரு நாள் காலையில் நாலு கிலோ றால் பிழை என்று நீங்கள் சொல்வீர்கள், அவர் விலையை நினைத்து "பரவாயில்லை, நல்லாப் பொரி" என்பார். அந்த நேரத்தில் கொட்டுகிற அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா இல்லையா? காய்ச்சலோடு, வயிற்றோட்டத்தோடு வருகிற உதவியாளை வீட்டுக்கு அனுப்புகிற அதிகாரம்? அது இல்லாமல் பேப்பரை மட்டும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினால், ஏதும் நடந்த அன்று எல்லோரும் காட்டப்போவது உங்கள் பெயரைத்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் நான் ஒரு இடத்தில் அப்படி இரண்டு வருடம் சுவரில் தொங்கியவன்.

செப்டெம்பரோடு உங்களுக்குக் கூட்டம் குறையும், நவம்பரில் மழை பிடித்தால் குசினியில் ஈயடிக்கும். அந்த மாதங்களுக்கு லெவல் 3ஐ வையுங்கள். இப்போதைக்குத் தெர்மோமீட்டரை வாங்கி வந்த அன்றே ஒரு கிளாஸ் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஊசியை நடுவில் பிடித்து அரை நிமிடம் பாருங்கள், கிளாஸின் அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. 0 காட்ட வேண்டும். 2, 3 என்று நின்றால் திருத்தும் பொத்தான் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பில்லோடு கடைக்கே கொண்டுபோய் மாற்றிவிடுங்கள்.